நியூட்ரலில் போட்டால் போதுமா? ஆட்டோமேட்டிக் ஃபோர் வீல் வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது பற்றி

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியட்டும். ஆட்டோமேட்டிக் கியர், ஃபோர் வீல் டிரைவ், டீசல் எஸ்யூவி. ஆண்டிபட்டியில் சித்தப்பா வீட்டு வாசலில் மூன்று நாளாக நிற்கிறது, செல்ஃப் அடித்தால் என்ஜின் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. உள்ளூர் மெக்கானிக் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று கையை விரித்துவிட்டார். மச்சானிடம் பிக்கப் இருக்கிறது. கியரை நியூட்ரலில் போட்டு, விடியற்காலையில் ரோடு காலியாக இருக்கும்போது கயிறு கட்டி உசிலம்பட்டி வழியாக மெதுவாக இழுத்து வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். நான்கு சக்கரமும் தரையில் படாதபடி, தட்டையான மேடை உள்ள ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றி வாருங்கள்.

ஆனால் வெறுமனே வேண்டாம் என்று சொல்லி நிறுத்தினால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மாப்ளே, நான் எத்தனை வண்டி இழுத்திருக்கேன்" என்று மச்சான் சொல்வார், நீங்களும் கயிற்றை எடுத்துவிடுவீர்கள். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மச்சான் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. நம் பக்கத்தில் வண்டி நின்றால் முதலில் தேடுவது கயிற்றைத்தான். அம்பாசிடர், பழைய மஹிந்திரா ஜீப், டெம்போ, எல்லாவற்றையும் கட்டி இழுத்துத்தான் பழக்கம். அவை எல்லாம் கையால் கியர் போடுகிற வண்டிகள். அந்தக் கியர் பாக்ஸில் பற்சக்கரங்கள் எண்ணெயில் முங்கிக் கிடக்கும், சுற்றும்போது தானாக எண்ணெயை வாரி மேலே தெளிக்கும், பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக இழுத்துப் போக அந்தத் தெளிப்பே போதும். பம்ப் தேவையில்லை, கரண்ட் தேவையில்லை. அதனால்தான் நியூட்ரலில் போட்டு இழுத்தால் ஒன்றும் ஆகாது என்பது நம் எல்லோர் மனதிலும் ஆழமாகப் பதிந்துவிட்டது.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் வேறு ஜாதி. இப்போது வரும் எஸ்யூவிகளில் பெரும்பாலும் இருப்பது டார்க் கன்வர்ட்டர் வகை. என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் நிரம்பிய ஒரு கும்பா மாதிரி டார்க் கன்வர்ட்டர், அதற்குப் பின்னால் எண்ணெய் பம்ப், அதற்கும் பின்னால் கிரக கியர்கள் என்று சொல்லப்படும் கூட்டம், அவற்றைப் பிடித்தும் விட்டும் கியர் மாற்றுகிற கிளட்ச் தட்டுகள். இந்தப் பம்ப் சுற்றுவது டார்க் கன்வர்ட்டரின் கழுத்தால், அதாவது என்ஜின் ஓடினால்தான். ஏ.டி.எஃப் என்கிற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் எண்ணெயை அழுத்தத்தோடு, தண்டைத் தாங்கும் வளையமான ஒவ்வொரு புஷ்ஷுக்கும், பேரிங்குக்கும், கிளட்சுக்கும் அனுப்புவது அந்த ஒரு பம்ப்தான். கிணற்று மோட்டாரைப் போடாமல் வயலுக்குத் தண்ணீர் வராது, அதே கதை.

இப்போது நியூட்ரலுக்கு வருவோம், குழப்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. நியூட்ரலில் போட்டால் என்ஜினிலிருந்து வரும் சக்தி சக்கரத்துக்குப் போகாது, அவ்வளவுதான். சக்கரத்துக்கும் கியர் பாக்ஸுக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கிறது. சக்கரம் சுற்றினால் ஆக்சில் சுற்றும், ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றும், கியர் பாக்ஸின் பின்பக்கத் தண்டு சுற்றும், அதோடு கோர்த்திருக்கும் கிரக கியர்களும் டிரம்களும் சேர்ந்து சுற்றும். என்ஜின் நின்றிருக்கிறது, பம்ப் நின்றிருக்கிறது, உள்ளே பாதிச் சாமான்கள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, எண்ணெய் எல்லாம் கீழே தொட்டியில் சும்மா கிடக்கிறது. முதல் சில கிலோமீட்டருக்கு ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் படலம் காப்பாற்றும். அப்புறம் சூடு ஏறும், புஷ் தேயும், கிளட்ச் தட்டு கருகும். ஓட்டுபவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது, ஏனென்றால் வண்டி லேசாகத்தான் உருண்டு வரும், சத்தம் வராது, மீட்டரில் விளக்கு எரியாது.

1950-களின் அமெரிக்க ஆட்டோமேட்டிக்குகள் பலவற்றில் பின்பக்கத் தண்டால் சுற்றும் இரண்டாவது பம்ப் ஒன்று இருந்தது. அந்த வண்டிகளைத் தள்ளிக்கூட ஸ்டார்ட் செய்ய முடிந்தது. 1960-களில் அந்தப் பின் பம்ப்பைப் படிப்படியாக எடுத்துவிட்டார்கள். இன்று நம் கையில் இருக்கும் ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாததற்கும், கயிறு கட்டி இழுக்கக் கூடாததற்கும் காரணம் ஒன்றே.

இது ஆட்டோமேட்டிக் என்பதால் வரும் சிக்கல். உங்கள் வண்டியில் இதற்கு மேல் ஃபோர் வீல் டிரைவும் இருக்கிறது.

முன்சக்கர டிரைவ் உள்ள சின்ன ஆட்டோமேட்டிக் கார் என்றால் வழி சுலபம், முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின்சக்கரம் உருள இழுத்துப் போகலாம், உருளும் சக்கரத்துக்கும் கியர் பாக்ஸுக்கும் சம்பந்தமே கிடையாது. பின்சக்கர டிரைவ் என்றால் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். ஃபோர் வீலில் எந்தப் பக்கத்தைத் தூக்குவீர்கள்? பல வண்டிகளில் எந்தப் பக்கத்தைத் தூக்கினாலும் மறுபக்கம் கியர் பாக்ஸோடு பிணைந்துதான் இருக்கிறது. ஒரு பக்கம் ஆகாயத்தில் நிற்க, மறுபக்கம் உருள, இரண்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பு மாட்டிக்கொண்டு முழிக்கும். எப்போதும் நான்கு சக்கரமும் ஓடும் வகையில் நடு டிஃபரன்ஷியல் இருக்கும், அது வளைவில் முன்னுக்கும் பின்னுக்கும் வருகிற சின்ன வேக வித்தியாசத்தைச் சமாளிக்கச் செய்தது. ஒரு பக்கம் பூஜ்யம், மறுபக்கம் முழு வேகம் என்று பல கிலோமீட்டர் ஓட்டினால் உள்ளே இருக்கும் சின்ன கியர்கள் வெந்துவிடும். விஸ்கஸ் கப்ளிங் உள்ள வண்டியில் சிலிக்கோன் திரவத்துக்குள் தட்டுகள் இருக்கும், வேக வித்தியாசம் நீடித்தால் திரவம் சூடாகி விரிந்து, கடைசியில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். பூட்டிக்கொண்டால் தூக்கி வைத்திருக்கிற சக்கரமும் சுற்றப் பார்க்கும், கிரேனின் தொட்டிலிலிருந்து வண்டி எகிறிக் குதித்துவிடும். ஆகவே கொக்கி கிரேன் கொண்டுவந்து "முன்னாடி தூக்கிட்டுப் போறோம் சார், ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். கயிறு, கிரேன் இரண்டுமே உங்கள் வண்டிக்குச் சரிவராது.

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் வத்தலக்குண்டிலிருந்து ஒரு ஃபோர் வீல் ஆட்டோமேட்டிக்கைக் கயிறு கட்டி என் ஒர்க்‌ஷாப் வரைக்கும் இழுத்து வந்தார்கள். உரிமையாளர் நல்ல மனிதர், "மெதுவாத்தான் அண்ணே வந்தோம், நாப்பதைத் தாண்டல" என்றார். நின்றுபோன காரணத்தைத் தேடினால் டீசல் லைனில் காற்று, ஃபில்டர் அடைப்பு, அரை நாள் வேலைகூட இல்லை. ஸ்டார்ட் ஆகிவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். முன்னே ஓட்டுவதற்கான டி-யில் போட்டால் வண்டி நகரவில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் என்ஜின் மட்டும் கத்துகிறது. அடியில் எண்ணெய்த் தட்டைக் கழற்றினோம், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய ஏ.டி.எஃப் காபி டிகாஷன் நிறத்தில் கருகிய வாசத்தோடு வந்தது, தட்டில் பித்தளைப் பொடி மினுமினு என்று. புஷ்கள் போய்விட்டன, கிளட்ச் தட்டுகள் கருகிவிட்டன. சில ஆயிரம் ரூபாய் ஃப்ளாட்பெட் வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் லட்சத்தைத் தாண்டிய செலவு. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவர் அலட்சியமாக எதுவும் செய்யவில்லை, ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். அன்றிலிருந்து யார் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்புவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்து, உங்கள் வழித்தடம். ஆண்டிபட்டியிலிருந்து மதுரைக்குச் சுமார் 60 கிலோமீட்டர். ஊரை விட்டு வெளியே வந்ததும் ஆண்டிபட்டி கணவாய். ஏறும்போது கயிறு விறைப்பாக இருக்கும், பிக்கப்பின் கிளட்ச் வேகும். இறங்கும்போதுதான் நிஜமான ஆபத்து. என்ஜின் ஓடாத வண்டியில், நாம் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் (காற்றை உறிஞ்சும் விசை) கிடையாது, இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கிடையாது. இரண்டு டன் எடை, முன்னால் சில அடி தூரத்தில் மச்சானுடைய வண்டி, பின்னால் உட்கார்ந்திருப்பவர் முழு பலத்தோடு மிதித்தாலும் கொஞ்சமாகத்தான் பிடிக்கும். கயிறு தொய்ந்து சக்கரத்தில் சுற்றும், இல்லையென்றால் தொய்ந்து பிறகு வெடுக்கென்று இழுபட்டு அறுந்து சாட்டை மாதிரி வரும். கியர் பாக்ஸைக்கூட விடுங்கள், இந்த ஒரு கணவாய்க்காகவே நான் வேண்டாம் என்பேன்.

சட்டமும் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளில் பழுதான வண்டியை இழுப்பது பக்கத்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப் அல்லது பெட்ரோல் பங்க் வரைதான் என்று இருந்தது. இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, கயிறு மற்றவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், பின்னால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில் இழுபடும் வண்டி என்று எழுதி மாட்ட வேண்டும், வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 2017-ல் புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் அதன் இடத்துக்கு வந்தன, ஆனாலும் அந்தப் பழைய எண்களைத்தான் நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். மேனுவல் வண்டியாகவே இருந்தாலும் சரி. 24 கிலோமீட்டர் வேகத்தில் 60 கிலோமீட்டர் என்றால் இரண்டரை மணி நேரம், அதில் உசிலம்பட்டி கடைத்தெருவும் செக்கானூரணி சந்திப்பும் வேறு. விடியற்காலையில் கிளம்பினாலும் ஊருக்குள் நுழைவதற்குள் பஸ்ஸும் பால் வண்டியும் வந்துவிடும்.

இனி விதிவிலக்குகள். யாராவது ஒருவர் வந்து "ஜீப்பை எல்லாம் வெளிநாட்டில் உள்ளேயே தங்கிப் பயணிக்கிற வீட்டு வண்டிக்குப் பின்னால் கட்டி ஊர் ஊராக இழுத்துப் போகிறார்களே" என்று கேட்கத்தான் போகிறார். உண்மைதான். அமெரிக்காவில் பெரிய வீட்டு வண்டிகளுக்குப் பின்னால் ஜீப் ராங்ளரை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போவது சாதாரணம், ஆட்டோமேட்டிக் ராங்ளரையும் அப்படித்தான். அது எப்படி முடிகிறது என்றால், ராங்ளரில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனியாக ஒரு நியூட்ரல் இருக்கிறது. கியர் பாக்ஸின் நியூட்ரல் வேறு, டிரான்ஸ்ஃபர் கேஸின் நியூட்ரல் வேறு, இதைத் தயவுசெய்து போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்தால் முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட் இரண்டுமே கியர் பாக்ஸிலிருந்து நிஜமாகவே துண்டிக்கப்படும். அப்புறம் ராங்ளரின் கையேடு ஆட்டோமேட்டிக் கியரை பி-யில் போடச் சொல்கிறது. முதலில் கேட்பவருக்கு விசித்திரமாக இருக்கும், இழுபடும் வண்டியை பார்க்கிங்கில் போடுவதா என்று. காரணம் இருக்கிறது: டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் சுற்றும் சாமான்களும் எண்ணெயும் உரசி உரசி, கியர் பாக்ஸின் தண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவிடப் பார்க்கும், பி-யில் போட்டால் உள்ளே இருக்கும் கொண்டி அந்தத் தண்டைப் பிடித்து அசையாமல் நிறுத்திவிடும். ஜீப்புகளில் வந்த பழைய டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் எண்ணெய் பம்ப்பும் பின் ஷாஃப்ட் பக்கமே இருக்கிறது, சக்கரம் உருண்டால் பம்ப்பும் ஓடும், இழுக்க இழுக்க அதற்கு எண்ணெய் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

நம் ஊரில் 2020-ல் வந்த புதிய மஹிந்திரா தார் வண்டியில் கையால் போடுகிற டிரான்ஸ்ஃபர் லீவர் இருக்கிறது, 2 ஹெச் (இரண்டு சக்கர ஓட்டம்), 4 ஹெச் (நான்கு சக்கர ஓட்டம்), என், 4 எல் (மெதுவான நான்கு சக்கர ஓட்டம்) என்று. அந்த என் தான் நான் சொன்ன இரண்டாவது நியூட்ரல். ஃபார்ச்சூனர் மாதிரி திருகு சுவிட்ச் உள்ளவற்றில் ஹெச் 2, ஹெச் 4, எல் 4 என்று மட்டும்தான் இருக்கும், சுவிட்சில் நியூட்ரல் கிடையாது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் முன்னுக்கும் பின்னுக்கும் ஷாஃப்ட் போவது தெரியும், ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு என் இல்லையென்றால் அவை இரண்டையும் உள்ளே துண்டிக்க உங்களுக்கு வழி இல்லை. ஜீப் காம்பஸ், எக்ஸ்யூவி 700 போன்று என்ஜின் குறுக்கே உட்கார்ந்து, தேவைப்பட்டால் மட்டும் பின்சக்கரத்துக்குச் சக்தி அனுப்புகிற ஆல் வீல் டிரைவ் வண்டிகளிலும் இந்தக் கதைதான், அவற்றுக்கு ஃப்ளாட்பெட்டைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

டிரான்ஸ்ஃபர் கேஸில் என் இருக்கிற வண்டிக்காரர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். லீவரை என்-இல் வைத்த நொடியிலிருந்து கியரை பி-யில் போட்டாலும் வண்டி நிற்காது, உருண்டுவிடும். பி-யின் கொண்டி பிடிப்பது கியர் பாக்ஸின் தண்டை, அந்தத் தண்டுக்கும் சக்கரத்துக்கும் இப்போது தொடர்பே இல்லை. மேட்டில் நிற்கிற வண்டியை என்-இல் போட்டுவிட்டு பி-யில்தான் இருக்கிறது என்று நம்பிக் கீழே இறங்கினால் அது ஆளை ஏற்றிவிடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் அந்த லீவரைத் தொட வேண்டும். என் இருப்பதாலேயே இழுக்கலாம் என்றும் முடிவு செய்யாதீர்கள், கையேட்டில் இழுப்பது பற்றிய பக்கத்தில் அந்த மாடலுக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. சில ஜெர்மன் ஆட்டோமேட்டிக்குகளின் கையேட்டில் 50 கிலோமீட்டர் வேகம், 50 கிலோமீட்டர் தூரம் என்று ஒரு சலுகை கொடுத்திருப்பார்கள், அதைப் படித்துவிட்டு எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் அது பொருந்தும் என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன், பொருந்தாது.

ஃப்ளாட்பெட் வரவே முடியாத இடம் என்று ஒன்று உண்டு. மேகமலை எஸ்டேட்டுக்குள், சிறுமலை உள்பாதையில், லாரி திரும்ப இடமில்லாத தோட்டத்து வழியில். அங்கே செய்யக்கூடியது புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுவது. பின் ஆக்சில் பக்கம் ஃபிளாஞ்சில் பெரும்பாலும் நான்கு போல்ட், கழற்றும் முன் இரண்டு பக்கத்திலும் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் திரும்ப அதே நிலையில் மாட்டலாம், இல்லையென்றால் வண்டி ஓடும்போது அதிர்வு வரும். 2 ஹெச்சில் முன்பக்கம் கழன்றுகொள்ளும் பார்ட் டைம் வண்டியில் பின் ஷாஃப்ட்டை எடுத்தால் போதும், எப்போதும் நான்கும் ஓடும் வகையில் இரண்டையும் எடுக்க வேண்டும். ஷாஃப்ட்டின் முன்முனை கியர் பாக்ஸுக்குள் செருகியிருக்கும் வகையாக இருந்தால் உருவியதும் எண்ணெய் கொட்டும், வாயை அடைக்க வேண்டும். இது தெரிந்த மெக்கானிக் செய்யும் வேலை, பெரிய ரோடு வரைக்கும் கொண்டுவர மட்டும். அங்கே லாரி காத்திருக்க வேண்டும்.

சேற்றிலோ மணலிலோ சிக்கிய வண்டியை வெளியே இழுப்பதையும் இதோடு சேர்க்காதீர்கள். வைகைக் கரையில் மணலில் புதைந்துவிட்டது, என்ஜின் நன்றாக ஓடுகிறது என்றால் தாராளமாகக் கயிறு போட்டு இழுக்கலாம். என்ஜின் ஓடுகிறது, பம்ப் ஓடுகிறது, நகர்வது சில அடிகள். கயிற்றை மட்டும் கொக்கி வளையத்தில் மாட்டுங்கள், பம்பரிலோ ஸ்டியரிங்கோடு சேர்ந்த டை ராட் கம்பியிலோ கட்டாதீர்கள்.

மழைநீரில் நின்ற வண்டிக்கும் ஒரு வார்த்தை. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் தண்ணீர் தேங்கியபோது நிறைய பேர் வண்டி நின்றதும் மறுபடி மறுபடி செல்ஃப் அடித்தார்கள். என்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு செல்ஃபிலேயே கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தொடாமல் விட்டு, கைகளால் தள்ளி மேட்டில் ஏற்றி, அங்கிருந்து லாரியில் ஏற்ற வேண்டும்.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். ரெக்கவரி ஆட்களுக்கு போன் செய்யும்போது "வண்டி வேணும்" என்று மட்டும் சொன்னால் எது கையில் இருக்கிறதோ அதை அனுப்பிவிடுவார்கள். ஃபோர் வீல் ஆட்டோமேட்டிக், ஃப்ளாட்பெட் மட்டும்தான் வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். எடை இரண்டு டன் வரும், நீளம் இவ்வளவு, சாவி இருக்கிறது, சக்கரம் உருள்கிறது, வீட்டு வாசல் தெரு இவ்வளவு அகலம், இதையும் சொல்லிவிடுங்கள். தெரு குறுகல் என்றால் சித்தப்பா வீட்டுப் பையன்கள் நான்கு பேர் நியூட்ரலில் போட்டு மெயின் ரோடு வரை தள்ளட்டும், ஆள் தள்ளும் வேகத்தில் நூறு இருநூறு அடி நகர்ந்தால் கியர் பாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. இன்சூரன்ஸில் சாலையோர உதவி சேர்த்திருக்கிறீர்களா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள், பலர் பணம் கட்டிவிட்டு இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலையிலேயே நின்றிருந்தால் 1033 என்ற எண்ணுக்கு அழைத்திருக்கலாம், மதுரை தேனி ரோடு தேசிய நெடுஞ்சாலை 85 தான், ஆனால் உங்கள் வண்டி நிற்பது வீட்டு வாசல். அப்புறம் இன்சூரன்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது, பழுதான வண்டியைச் சரிசெய்யாமல் ஓட்டியதால் கூடிய சேதத்துக்குப் பாலிசியில் பொறுப்பேற்க மாட்டார்கள், இயந்திரப் பழுதும் சாதாரண பாலிசியில் வராது. கயிறு கட்டி இழுத்துக் கியர் பாக்ஸ் போனால் அந்தச் செலவு முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.

மூன்று நாளாகச் செல்ஃப் அடித்துப் பார்த்திருக்கிறீர்கள், பேட்டரி இறங்கியிருக்கும். பேட்டரி இறங்கினால் லீவர் பி-யிலிருந்து நகராது. லீவருக்குப் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும், அதைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே அழுத்திக்கொண்டே பிரேக்கை மிதித்து நகர்த்தினால் என்-க்கு வரும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டி என்றால் இன்னும் சிரமம், கரண்ட் இல்லாமல் அது விடாது, வேறு பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு விடுவித்துக்கொள்ள வேண்டும். லாரி வருவதற்கு முன்னாலேயே இதைச் செய்துபார்த்து வைத்துக்கொண்டால் வந்தவர்கள் அவசரத்தில் பி-யிலேயே வின்ச் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் கருவி) போட்டு இழுக்காமல் இருப்பார்கள். அப்படி இழுப்பதை நான் பார்த்திருக்கிறேன், டயர் தேய்ந்துகொண்டே ஏறும், பி-யின் கொண்டியில் மொத்தப் பாரமும் விழும்.

வின்ச் கயிற்றைக் கொக்கி வளையத்தில் மாட்டச் சொல்லுங்கள். அந்த வளையம் பெரும்பாலும் ஜாக்கியோடு கருவிப் பையில் கிடக்கும், பம்பரில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து திருகிக்கொள்ள வேண்டும், கடைசி வரைக்கும் இறுக்கமாக. சில வண்டிகளில் மரை இடப்பக்கமாகத் திரும்பும், சுற்றவில்லை என்று பலத்தைக் காட்டாதீர்கள். ஏறும் வரை என்-இல் இருக்கட்டும், ஸ்டியரிங் பூட்டு திறந்திருக்கட்டும். மேலே ஏறியதும் பி, ஹேண்ட் பிரேக், நான்கு டயர் மேலேயும் பெல்ட். சஸ்பென்ஷன் ஆர்மில் சங்கிலி போட்டு இறுக்குவதை அனுமதிக்க வேண்டாம், கணவாய் இறக்கத்தில் வண்டி ஆடும்போது எல்லாம் அங்கேதான் இழுபடும். ஏற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இதைப் படிப்பதற்குள் மச்சான் கொஞ்ச தூரம் இழுத்துவிட்டார் என்றால், அல்லது படிக்கிற வேறு யாராவது ஏற்கெனவே இழுத்துவிட்டார்கள் என்றால், என்ஜினைச் சரிசெய்ததும் நேராக டி-யில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் ஏ.டி.எஃப் எண்ணெயை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பாக இருந்து வாசம் சாதாரணமாக இருந்தால் நல்ல செய்தி. பழுப்பாகவோ கருப்பாகவோ இருந்து கருகிய வாசம் வந்தால் அடித் தட்டைக் கழற்றிக் காந்தத்தைப் பார்க்க வேண்டும், அதில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது சகஜம், பளபளக்கும் துணுக்குகளோ பித்தளை நிறப் பொடியோ தட்டில் கிடந்தால் கியர் பாக்ஸைப் பிரித்தாக வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயையும் சேர்த்தே பாருங்கள். எத்தனை கிலோமீட்டர் இழுத்தீர்கள், எந்த வேகத்தில், லீவர் எதில் இருந்தது, நான்கு சக்கரமும் உருண்டதா இரண்டு மட்டுமா, இவற்றை வெட்கப்படாமல் மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் என்ஜினோடு மட்டும் மல்லுக்கட்டிவிட்டு வண்டியை உங்கள் கையில் கொடுத்துவிடுவார்.